புல்லட் மட்டும் செய்வதில்லை

கொழிஞ்சாம்பாறைக் கல்லூரி வாசலில்
பேனர் முழுக்க என் முகம்,
முகத்தைவிடப் பெரிதாக மூக்குத்தி.
"வெற்றிக்கு ஏழு படிகள்: வாளையார் பிலோமி பேசுகிறார்."
ஏழு என்று நான் சொல்லவில்லை.
அச்சடித்தவருக்கு அந்த எண் பிடித்திருக்கும்.

பிள்ளைகளே, எனக்குப் படி தெரியாது.
லாரி தெரியும்.
செக்போஸ்ட் இருந்த காலத்தில்
கே.ஜி. சாவடி வரைக்கும் அதன் வால் நீளும்.
வெங்காயம், சிமென்ட், கோழி,
ஒரு தடவை வண்டி நிறையக் கண்ணாடி.
கடலைக் கூடையோடு டயர் டயராக நடப்பேன்.
விற்காத ராத்திரிகளில்
அவரவர் ஹாரனை அவரவர்க்கே திருப்பிக் கொடுத்தேன்.
ஏர் பிரேக்கின் பெருமூச்சு,
எடைமேடையின் முனகல்,
முத்திரை குத்துவதற்கு முன்
அதிகாரி தொண்டையைச் செருமும் அந்த ஒரு நொடி.
நாமக்கல் டிரைவர் ஒருவர் சிரித்துப் புரையேறி
கடலை வாங்காமலே பத்து ரூபாய் தந்தார்.
காசும் கையில், கடலையும் கூடையில்.
அதைவிட நல்ல வியாபாரம்
இன்றுவரை எனக்கு அமையவில்லை.

பாலக்காட்டு ட்ரூப்பில் கேட்டார்கள்:
"பொம்பளைக்குச் செய்ய எத்தனை குரல் இருக்கு?"
மனுஷக் குரலே செய்யமாட்டேன் என்றேன்.
சேர்த்துக்கொண்டார்கள்,
மைக் கெடும்போது மட்டும் மேடையேற.
கடைசி வரிசைக்கும் எட்டும் தொண்டை,
சாலையில் கத்திக் கத்திப் பழுத்தது.
மைக் கெட வேண்டும் என்று
மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறேன்.
இதைப் படிகளில் சேர்க்காதீர்கள்.

அங்கே நான் பாண்டிப் பெண்.
கோயம்புத்தூர் மேடையில் கேரளத்துக் கலைஞர்.
இரண்டு ஊரிலும் வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள்;
சாப்பாட்டுக்கு மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

பிறகு ஒரு ஜூலையில் வரி மாறியது.
தடுப்புக் கம்பு மேலே போனது, இறங்கவேயில்லை.
மேடை இல்லாத நாளெல்லாம்
எனக்குச் சோறு போட்ட சபை
எண்பது கிலோமீட்டர் வேகத்தில்
கைகாட்டிவிட்டுப் போனது.
ஆளில்லாத ரோட்டோரம் நின்று
லாரிகள் நிற்கும் சத்தத்தை
ஒரு லாரியும் நிற்காத இடத்தில் செய்துகொண்டிருந்தேன்.
பஞ்சர் கடை சாஜு அதைப் படம் பிடித்தான்.
மிச்சம் உங்களுக்குத் தெரியும்.
உழைப்பு என்று சொல்லிவிடலாம்,
வாய் வரமாட்டேன் என்கிறது:
அன்று அவன் போனில் சார்ஜ் இருந்தது.

கைதட்டினார்கள். கேள்வி நேரம்.
மூன்றாம் வரிசைப் பெண் எழுந்தாள்,
கையில் நோட்டும் இல்லை, போனும் இல்லை.
"முதல்முதலா செஞ்ச சத்தம் எது, மேடம்?"

புல்லட்.
செவ்வாய்தோறும் வட்டிக்கு வரும் வர்க்கீஸின் புல்லட்.
பதினோரு வயதில், வீட்டுக்குப் பின்னால் நின்று
வயிற்றிலிருந்து எடுத்தேன்: டுப் டுப் டுப்.
உள்ளே ஒரு பாத்திரம் உருண்டது.
எட்டிப் பார்த்தால்
அம்மா கட்டிலுக்கு அடியில்,
தம்பியின் வாயைப் பொத்திக்கொண்டு.
அவ்வளவு கச்சிதம்.
எனக்கு வந்த முதல் விமர்சனம் அது.
அப்புறம் எந்த மேடையிலும் அதைச் செய்ததில்லை.

"அதோட முடிஞ்சுதா?"

இல்லை. அடுத்த செவ்வாய் அவரே வந்தார்.
அதே டுப் டுப்.
நான்தான் என்று நினைத்து
அகப்பையை ஓங்கிக்கொண்டு
வாய் நிறையத் திட்டோடு
அம்மா வாசலுக்குப் பாய்ந்தாள்.

அரங்கம் குலுங்கியது. முதல்வர் கண்ணைத் துடைத்தார்.
எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பார்கள் என்று
எனக்குத் தெரியும்.
அங்கே நிறுத்தினேன்.

மூன்றாம் வரிசைப் பெண் சிரிக்கவில்லை.
அவளைப் பார்க்காமல்
நினைவுப் பரிசை வாங்கிக்கொண்டேன்.
மர யானை; ஒரு தந்தம் ஒட்டவைத்தது.
வேலந்தாவளம் பஸ்ஸில்
வழிநெடுக அதை மடியில் பிடித்திருந்தேன்,
விழுந்துவிடாமல்.